முந்நூறு பிரதிகள்: முதல் நாவலை நானே அச்சிட்ட அனுபவம்

காரைக்குடியில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. பலகையில் ஜெராக்ஸ் என்று இருந்தாலும் கடைக்குச் சோறு போடுவது தட்டச்சுதான். அழகப்பா பல்கலைக்கழக மாணவர்களின் ஆய்வேடுகளை 22 வருடமாக அடித்துக் கொடுக்கிறேன். காலிகோ ஒட்டி பைண்டும் செய்கிறேன். தமிழ்த் தட்டச்சில் ஹையர் முடித்தவள். அடுத்தவர் எழுதியதையே இத்தனை வருடம் அடித்த கை, நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு விடிகாலையில் என் கதையை அடிக்கத் தொடங்கியது.

அந்தக் கதை இப்போது புத்தகம். டெமி அளவு, 272 பக்கம், 70 ஜிஎஸ்எம் நேச்சுரல் ஷேட் தாள், விலை 320 ரூபாய், 300 பிரதிகள். எழுத இரண்டு வருடம் ஆனது, புத்தகமாக்க எட்டு மாதம். தானே போட்டுப் பார்க்க நினைக்கிறவர்களுக்கு உதவும் என்று வேலையை நடந்தபடி எழுதி வைக்கிறேன். எங்கே கை தவறியது, எப்படிச் சரிசெய்தேன் என்பதைத்தான் அதிகம் சொல்லப்போகிறேன். சரியாக நடந்ததில் சொல்ல அவ்வளவு இல்லை.

கதை

அம்மாவின் அப்பா, என் தாத்தா, தேவகோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பதினாறு வயதில் ரங்கூனுக்குப் போனவர். மொகல் தெருவில், செட்டியார்கள் தங்கி வட்டித் தொழில் நடத்திய ஒரு கிட்டங்கியில் அடுப்படி வேலை. 1942இல் நடந்தே திரும்பி வந்தார். அவர் சொன்னதாக அம்மா சொன்னது மொத்தம் ஏழெட்டு விஷயங்கள்தான். மற்றதையெல்லாம் நான் கட்டினேன். அதனால் அதை வரலாறு என்று சொல்லாமல் நாவல் என்று சொல்கிறேன்.

செட்டிநாட்டைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கை தானாக வீட்டுக்குப் போய்விடுகிறது. நானும் முகப்பு, வளவு என்கிற நடுமுற்றம், பர்மாத் தேக்குத் தூண், முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுவர், ஆத்தங்குடிக் கல் என்று நான்கு பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்தால் சுற்றுலா வந்தவர்களுக்கு யாரோ வீடு காட்டுகிற மாதிரி இருந்தது. என் கதையின் ஆள் சமையல்காரன். எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறவை. அவன் பின்தெரு வாசலில் நுழைந்து அடுப்படியோடு நின்றுவிடுவான். வளவுக்கு வருவது பந்தி நாளில் மட்டும். அப்போதும் அவன் கண் இலையில் இருக்குமே தவிர தூணில் இருக்காது. நான்கு பக்கத்தையும் எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் அடுப்படி உத்தரத்தில் படிந்த கரியைப் பற்றி மூன்று வரி இருக்கிறது. அந்த மூன்று வரி போதும் என்று இப்போதும் நினைக்கிறேன்.

பர்மாப் பகுதிக்குக் கொஞ்சம் படிக்க வேண்டியிருந்தது. 1930இல் உலகமெங்கும் விலை சரிந்தபோது நெல் விலையும் சரிந்தது. கடன் வாங்கிய விவசாயிகளால் கட்ட முடியவில்லை, நிலம் செட்டியார்கள் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 சதவீத நிலம்தான் அவர்களிடம் இருந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அது கால்பங்கு ஆகிவிட்டது. இந்த எண்ணைக் கதையில் எங்கே வைப்பது என்று ஒரு வாரம் தடுமாறினேன். கடைசியில் வைக்கவே இல்லை. ரூபாயாக வந்த வட்டி நின்று குத்தகை நெல் வருகிறது. கிட்டங்கியின் பின்கட்டில் மூட்டை ஏறுகிறது, சமையல்காரன் பாய் விரிக்கிற இடம் சுருங்குகிறது. அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நான் எழுதியதிலேயே எனக்குப் பிடித்த அத்தியாயம் அது.

தேதித் தவறு ஒன்று நல்லவேளையாகக் கடையிலேயே பிடிபட்டது. முதல் வரைவில் என் ஆள் 1929இல் பாஸ்போர்ட்டுக்காக அலைகிறான். அதற்காகவே ஒரு அத்தியாயம் எழுதியிருந்தேன். ஒரு வரலாற்று மாணவியின் ஆய்வேட்டை அடித்துக்கொண்டிருந்தபோது "1937 ஏப்ரல் 1 அன்று பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது" என்ற வரி வந்தது. விரல் அப்படியே நின்றுவிட்டது. அதற்கு முன்னால் பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். சென்னையிலிருந்து ரங்கூன் போக பாஸ்போர்ட் எதற்கு, கப்பல் டிக்கெட் போதும். அத்தியாயம் முழுவதும் போயிற்று.

வாசித்துக் காட்டியது

இந்த வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய உதவி என் அத்தை, வீட்டுக்காரரின் அம்மா. 79 வயது. கண்புரை ஆபரேஷன் ஆனதிலிருந்து சிறிய எழுத்து படிப்பதில்லை. ராத்திரி கடையைப் பூட்டிவிட்டு வந்து, சாப்பாடு ஆனதும் ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம் வாசித்துக் காட்டினேன். 31 அத்தியாயம். இடையில் ஊர்த் திருவிழா, கல்யாணம், காய்ச்சல் எல்லாம் சேர்த்து இரண்டு மாதம் ஆனது.

22 வருடம் பிழை பார்த்த கண் என்னுடையது. ன, ண மாறியிருந்தால் எட்டடி தூரத்திலிருந்தே தெரியும். ஆனால் அந்தக் கண் எழுத்தை மட்டும்தான் பார்க்கும் என்பது வாசிக்க ஆரம்பித்த மூன்றாம் நாள் தெரிந்துவிட்டது.

"ஐம்பது பைசாவை மடியில் முடிந்துகொண்டான்" என்று வாசித்தேன். அத்தை கையைத் தூக்கினார். "ஐம்பது பைசா ஏதுத்தா அப்ப? எட்டணான்னு எழுது." 1957 ஏப்ரலில்தான் ரூபாய்க்கு நூறு நயா பைசா என்று வந்தது. அதற்கு முன்னால் ரூபாய்க்குப் பதினாறு அணா. அது எனக்குத் தெரியாததில்லை, கை பழக்கத்தில் அடித்துவிட்டது. அடுத்தது கிலோ. அதை வீசை என்று மாற்றினால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. நாற்பது பலம் சேர்ந்த ஒரு வீசை சுமார் 1.4 கிலோ, அப்படியென்றால் எண்ணும் மாற வேண்டும். இருநூறு இலைக்கு நான் எழுதியிருந்த பருப்பை அப்படியே வீசையாக்கினால் இருநூற்றைம்பது இலைக்கு மேல் பரிமாறலாம். பந்திச் சாமான் கணக்கை அத்தையும் நானும் தரையில் சாக்பீஸால் எழுதித் திரும்பப் போட்டோம்.

அப்புறம் பேச்சு. செட்டியார் வீட்டு அம்மாவைச் சமையல்காரன் "அம்மா" என்று கூப்பிடுவதாக எழுதியிருந்தேன். "நம்ம ஊர்ல யாருத்தா அப்படிக் கூப்பிட்டா? ஆச்சின்னுதானே கூப்பிடுவோம்" என்றார். நானும் தினம் பத்து ஆச்சிகளிடம் பேசுகிறவள்தான். நாவல் என்று உட்கார்ந்ததும் எங்கேயோ படித்த பேச்சு கைக்கு வந்துவிட்டிருக்கிறது. உரையாடல் முழுவதையும் அன்றே எடுத்து வைத்து, வாயில் சொல்லிப் பார்த்துத் திருத்தினேன்.

திருத்தம் சொன்னதைவிட அவர் சொல்லாமல் விட்ட இடங்கள் அதிகம் பயன்பட்டன. கதை ஓடும்போது நான் மூச்சு வாங்க நிறுத்தினால் "ம், அப்புறம்?" என்பார். ஓடாதபோது "கொல்லைக் கதவு சாத்தியாச்சா?" என்று கேட்பார். கதவைக் கேட்ட இடத்திலெல்லாம் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். மொத்தம் 14 கோடு. மறுநாள் காலையில் எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் நான் படித்ததைக் காட்டிக்கொண்ட இடங்கள், ரங்கூன் துறைமுகம் பற்றிய குறிப்பு, கப்பல் கம்பெனி விவரம் இப்படி. 11 இடங்களை வெட்டினேன். மூன்றை விடவில்லை. அதில் ஒன்று, 1941 டிசம்பர் 23இல் ரங்கூனில் முதல் குண்டு விழுந்த காலையில் அவன் உலை வைக்கிற பகுதி. அது மெதுவாகத்தான் போக வேண்டும் என்று எனக்குப் பட்டது. அத்தை சொன்னார் என்பதற்காக மட்டும் எதையும் வெட்டவில்லை.

இதிலிருந்து ஒரு விதி வைத்துக்கொண்டேன்: மாற்றிய எந்த வரியையும் வாய்விட்டு வாசித்துக் காட்டாமல் அச்சுக்கு அனுப்பக் கூடாது. அந்த விதியை ஒரே ஒரு தடவை மீறினேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எழுத்துருவில் நடந்த விபத்து

கடையில் இரண்டு கணினி. பழையதில் பழைய எழுத்துருவில் அடிப்பேன், புதியதில் எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோட் முறையில். நாவலின் முதல் பாதி பழையதில் இருந்தது. எழுத்துரு மாற்றி மென்பொருளில் போட்டு யூனிகோடாக எடுத்தேன். பார்க்க எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் தேடுதலில் "அவர்" என்று கொடுத்தால் ஒன்றுகூட இல்லை என்றது. நாவலில் நூற்றுக்கணக்கில் "அவர்" இருக்கிறது.

காரணம் தட்டச்சுப் பழக்கம். டைப்ரைட்டரில் கற்றவர்கள் ர் என்று அடிக்க ரகரத்தைத் தொடுவதில்லை, கால் போட்டு மேலே புள்ளி வைப்போம். ரி என்பதற்கும் கால் போட்டு மேலே விசிறி, அதாவது இகரக் குறி. தாளில் வித்தியாசம் தெரியாது. யூனிகோடில் காலுக்கு ஒரு எண், ரகரத்துக்கு வேறு எண். கண்ணுக்கு "அவர்", கணினிக்கு வேறு ஏதோ. இதைச் சரிசெய்வது சுலபம். கால் குறிக்குப் பின்னால் புள்ளியோ விசிறியோ தமிழில் எங்கேயும் வராது. அதனால் கால்+புள்ளியை "ர்" என்றும், கால்+விசிறியை "ரி" என்றும் மொத்தமாக மாற்றினால் ஆபத்தில்லை. இரண்டு நிமிட வேலை.

அந்தத் தைரியத்தில் அடுத்ததைக் கெடுத்தேன். பழைய எழுத்துருவில் ஔகாரக் குறியும் ளகரமும் ஒரே விசை. அதனால் "மௌனம்" எல்லாம் ஒற்றைக் கொம்பு + ள என்று "மெளனம்" ஆகியிருந்தது. இதையும் மொத்தமாக மாற்றினேன். மாறியது எத்தனை என்று கணினி ஒரு எண்ணைக் காட்டியது. மௌனத்துக்கு இத்தனையா என்று அப்போதே நிதானித்திருக்க வேண்டும். இரண்டு நாள் கழித்து ஒரு பக்கத்தைத் திறந்தால் வெள்ளைப் பணியாரம் உடைந்து கிடக்கிறது. வெள்ளி, வெளியே, கெளுத்தி மீன், கொம்புக்குப் பக்கத்தில் ளகரம் வந்த அத்தனை சொல்லிலும் ளகரம் போய் ஔகாரக் குறி உட்கார்ந்திருந்தது. இடையில் இரண்டு நாள் வேறு திருத்தங்களும் செய்திருந்ததால் பழைய கோப்புக்குத் திரும்பவும் மனமில்லை.

சரிசெய்த வழி இது. ஔகாரக் குறிக்குப் பின்னால் இன்னொரு உயிர்க்குறியோ புள்ளியோ வர வழியில்லை. "மௌனம்" என்பதில் குறிக்குப் பின்னால் ன வருகிறது, அது சரி. உடைந்த "வெள்ளை"யில் குறிக்குப் பின்னால் புள்ளி வருகிறது, அது தவறு. ஆகவே ஔகாரக் குறி+புள்ளி, ஔகாரக் குறி+இகரக் குறி, ஔகாரக் குறி+உகரக் குறி என்று ஒவ்வொரு சேர்க்கையாகத் தேடி, கொம்பு+ளகரம் என்று திருப்பினேன். வடிவமைப்பு எதுவும் இல்லாத வெறும் எழுத்துக் கோப்பில் செய்தால்தான் தேடுதல் ஒழுங்காக வேலை செய்கிறது. ஒரு சாயங்காலம் போயிற்று. அதிலிருந்து ஒவ்வொரு மொத்த மாற்றத்துக்கும் முன்னால் கோப்பைத் தேதி போட்டு ஒரு நகல் எடுக்கிறேன்.

சந்திக்கு நாவியும் எழுத்துப்பிழைக்கு வாணியும் பயன்படுத்தினேன். இரண்டும் இணையத்தில் இருக்கிற தமிழ்ப் பிழைதிருத்திகள். நிறைய உதவின. ஆனால் பேச்சுவழக்கு உரையாடலை அவற்றிடம் கொடுக்காதீர்கள், வரிக்கு வரி சிவப்புக் கோடு விழும்.

பதிப்பாளர்

இரண்டு இடத்துக்கு அனுப்பினேன். ஒரு இடத்திலிருந்து பதில் இல்லை. இன்னொரு இடத்தில் அச்சுச் செலவை நான் கொடுத்தால் அவர்கள் பெயரில் போடலாம் என்றார்கள், எனக்கு 50 பிரதி தருவதாகச் சொன்னார்கள். என் பணத்தில் அச்சாகிற புத்தகத்தில் 50 மட்டும் எனக்கு என்பது சரியாகப் படவில்லை. பைண்டிங் தெரியும், பக்கம் அமைக்கத் தெரியும், நானே செய்துகொள்கிறேன் என்று விட்டுவிட்டேன்.

புத்தகத்தை அடையாளம் காட்டுகிற சர்வதேச எண்ணான ஐஎஸ்பிஎன்னை ராஜா ராம்மோகன் ராய் தேசிய ஐஎஸ்பிஎன் முகமை கொடுக்கிறது. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. இணையத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் கிடையாது. எழுதியவரே வெளியிடுகிறவராகவும் விண்ணப்பிக்கலாம். வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கிறவர்களுக்குக் கொடுக்க வேண்டியதில்லை. வந்த 13 இலக்க எண்ணைப் பதிப்புரிமைப் பக்கத்தில் அடித்தபோது இரண்டு இலக்கம் இடம் மாறிவிட்டது. அதைப் பிடிக்க ஒரு வழி அந்த எண்ணுக்குள்ளேயே இருக்கிறது. இலக்கங்களை இடமிருந்து வலமாக ஒன்று விட்டு ஒன்று 1ஆலும் 3ஆலும் பெருக்கிக் கூட்டினால், 13 இலக்கமும் சேர்ந்த கூட்டுத்தொகை பத்தால் மீதியின்றி வகுபட வேண்டும். எனக்கு வகுபடவில்லை. திரும்பப் பார்த்தபோது தவறு தெரிந்தது. பென்சிலும் ஒரு துண்டுத் தாளும் போதும், செய்து பாருங்கள்.

பக்கம், தாள், அட்டை

பக்க அமைப்பை லிப்ரே ஆபீஸில் செய்தேன். எழுத்துரு நோட்டோ செரிஃப் தமிழ். இலவசம், அச்சிலும் தாராளமாகப் பயன்படுத்தலாம். 11.5 புள்ளி எழுத்து, வரிக்கு வரி 16 புள்ளி. முன்பு ஒருவரிடம் இன்டிசைனில் செய்யக் கொடுத்துப் பார்த்தேன், கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் விழுந்தது. அந்த மென்பொருளில் வேர்ல்டு ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்தால்தான் தமிழ் ஒழுங்காக அமையும் என்பது பின்னால் தெரிந்தது.

தமிழ்ச் சொல் நீளம். "சொல்லிக்கொண்டிருந்தவளிடம்" என்று ஒரு சொல் வரி முடிவில் வந்தால் அது அப்படியே அடுத்த வரிக்கு இறங்கிவிடும், மேல் வரியில் சொற்களுக்கு நடுவே ஆள் நடந்து போகிற அளவு இடைவெளி விழும். சொல்லை உடைக்கலாம், தமிழில் அதற்கு இணைப்புக் கோடுகூடத் தேவையில்லை. ஆனால் வரி மெய்யெழுத்தில் தொடங்கக் கூடாது, ஒற்றை எழுத்து தனியாகத் தொங்கவும் கூடாது. இதை மென்பொருள் பார்த்துக்கொள்ளவில்லை. 272 பக்கத்தையும் கையால் பார்த்தேன். சலிப்பான வேலைதான், ஆனாலும் இந்தப் புத்தகத்தைத் திறக்கும்போது எனக்குச் சந்தோஷம் தருவது அந்த ஒழுங்கான வரிகள்தான்.

மாதிரிக்கு டிஜிட்டலில் இரண்டு பிரதி எடுத்தேன். முதல் மாதிரியில் உள்பக்க ஓரம் 14 மில்லிமீட்டர் விட்டிருந்தேன், வரியின் கடைசி எழுத்துகள் கட்டுக்குள் போய்விட்டன. 20 ஆக்கினேன். முதுகின் கனத்தை அட்டை வரைந்தவர் 18 மில்லிமீட்டர் என்று வைத்திருந்தார். ஆனால் 272 பக்கம் என்பது 136 தாள்தான், அடுக்கி அளந்தால் 14தான் வந்தது. முதுகில் இருக்க வேண்டிய தலைப்பு முன்னட்டைப் பக்கம் சரிந்திருந்தது. கணக்குப் போடுவதைவிட, அச்சாகப்போகிற அதே தாளை அளந்து சொல்வதுதான் நல்லது.

தாளைப் பற்றி பைண்டிங் தெரிந்தவளாக ஒரு வார்த்தை. தாளுக்கு நார் ஓடுகிற திசை உண்டு. அது முதுகுக்கு இணையாக ஓடினால் புத்தகம் மலர்ந்து கிடக்கும், குறுக்காக ஓடினால் முரண்டு பிடித்து மூடிக்கொள்ளும். ஒரு துண்டைக் கிழித்து ஒரு பக்கம் மட்டும் ஈரப்படுத்துங்கள். அது குழாய் மாதிரி சுருளும். குழாயின் நீளவாட்டம்தான் நாரின் திசை. இதை அச்சகத்தில் செய்து காட்டித்தான் தாளை வெட்டச் சொன்னேன்.

கணக்கு இது. 100 பிரதி போதும் என்றால் டிஜிட்டல்தான் லாபம். 300 என்றபோது ஆஃப்செட் பிரதிக்கு 92 ரூபாய் வந்தது. ஆக அச்சு 27,600, அட்டை வடிவமைப்பு 3,500, மாதிரிப் பிரதிகள் 900, லாரி பார்சல் 600, நூலகங்களுக்கு அனுப்பிய தபால் செலவு 400. மொத்தம் 33,000 ரூபாய், பிரதிக்கு 110. ஆஃப்செட்டில் ஒன்றாக அச்சாகி மடிகிற 16 பக்கம் ஒரு ஃபாரம். 272 என்பது சரியாக 17 ஃபாரம். இந்த 17ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி வந்த நாள்

பார்சல் ஆபீஸிலிருந்து ஆட்டோவில் ஏழு பெட்டி வந்தது. முதல் பெட்டியைப் பிரித்து ஒரு பிரதியை அத்தை மடியில் வைத்தேன். அட்டையைத் தடவிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். என் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டு அந்த இடத்தில் விரலை வைத்தார்.

அன்று ராத்திரி நானும் வீட்டுக்காரரும் மகளும் உட்கார்ந்து 300 பிரதியையும் பார்த்தோம். முழுவதும் புரட்ட வேண்டாம். ஃபாரம் சேருகிற இடங்களில், அதாவது 16-17, 32-33, 48-49 என்று பக்க எண் தொடர்கிறதா என்று பார்த்தால் போதும். 11 பிரதிகளில் 144ஆம் பக்கத்துக்குப் பின்னால் மறுபடியும் 129 வந்தது. ஒன்பதாம் ஃபாரம் இரண்டு முறை, பத்தாம் ஃபாரம் இல்லவே இல்லை. படம் எடுத்து அனுப்பினேன், அச்சகத்தில் தகராறு செய்யாமல் மாற்றிக் கொடுத்தார்கள். அன்றைக்கே பார்த்ததால் மாறியது. விற்றபிறகு தெரிந்திருந்தால் நாவலின் நடுவில் பதினாறு பக்கம் இல்லாத புத்தகத்தை யாரோ காசு கொடுத்து வாங்கியிருப்பார்கள்.

நான்கு பிரதி நூலகங்களுக்கு. 1954ஆம் ஆண்டின் புத்தக ஒப்படைப்புச் சட்டப்படி, வெளியிடுகிறவர் 30 நாளுக்குள் தன் செலவில் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கு ஒரு பிரதியும், சென்னை கன்னிமாரா உட்பட இன்னும் மூன்று நூலகங்களுக்கு ஒவ்வொரு பிரதியும் அனுப்ப வேண்டும். தானே போடுகிறவர்கள் பலர் இதைச் செய்வதில்லை என்று கேள்விப்பட்டேன். தயவுசெய்து செய்யுங்கள். எங்கள் பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா தன் வீட்டில் சேர்த்த சுமார் ஒரு லட்சம் அச்சுப் பிரதிகள்தான், அவர் 1992இல் இறந்தபின் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் ஆகியிருக்கின்றன. பாட்டுப் புத்தகம், நோட்டீஸ், அழைப்பிதழ் என்று யாரும் மதிக்காததையெல்லாம் ஒரு ஆள் எடுத்து வைத்ததால் அவை இன்றைக்கு இருக்கின்றன. 300 பிரதி என்பது ஒரு தலைமுறையில் கரையான் தின்று தீர்த்துவிடுகிற எண்ணிக்கை. நான்கு பிரதியாவது பூட்டிய அலமாரியில் இருக்கட்டும்.

விழா எதுவும் வைக்கவில்லை. கடைக் கவுன்டரில் ஐந்து பிரதியை அடுக்கி வைத்தேன். ஆய்வேடு கொடுக்க வருகிறவர்கள் எடுத்துப் பார்ப்பார்கள். பத்து சதவீதம் கழித்து 288 ரூபாய். பத்து மாதத்தில் கையால் விற்றது 96. புத்தகக் கடைகளுக்கு 35 சதவீதக் கழிவில் 91 கொடுத்தேன். 60 விற்றுப் பணம் வந்துவிட்டது, 31 அங்கே இருக்கிறது. அன்பளிப்பாக 29. நூலகங்களுக்கு 4. வீட்டில் 80. இதுவரை கைக்கு வந்தது 40,128 ரூபாய், ஆக போட்ட பணம் திரும்பிவிட்டது. கிண்டிலிலும் ஏற்றினேன், தமிழை ஏற்றுக்கொள்கிறது. இந்திய விற்பனையில் 70 சதவீதம் வேண்டுமென்றால் அந்த மின்னூலை வேறு எங்கும் கொடுக்கக் கூடாது என்பது அவர்கள் நிபந்தனை, இல்லாவிட்டால் 35. நான் ஒப்புக்கொண்டேன்.

உளுந்து

போன மாதம் ஆடி. அத்தைக்குப் புத்தகத்தை இரண்டாம் தடவை வாசித்துக்கொண்டிருக்கிறேன், அவரே கேட்டார். இருபதாம் அத்தியாயம். ரங்கூனில் காய்ச்சலில் படுத்திருக்கிற என் ஆள், ஊரில் அம்மா கிண்டுகிற கும்மாயம் என்கிற இனிப்பை நினைக்கிறான். "பச்சரிசியை வறுத்து இடித்த மாவை நெய்யில் கிளறி" என்று வாசித்தேன்.

அத்தை கையைத் தூக்கினார். "உளுந்து இல்லாம கும்மாயம் ஏதுத்தா?"

176ஆம் பக்கம். எனக்கு உடனே நினைவு வந்துவிட்டது. பக்கம் அமைத்தபோது அந்த அத்தியாயத்தின் கடைசி இரண்டு வரி அடுத்த பக்கத்துக்கு வழிந்தது. அத்தியாயங்கள் வலப்பக்கத்தில்தான் தொடங்க வேண்டும் என்று வைத்திருந்ததால், அந்த இரண்டு வரிக்காக ஒரு பக்கமும் அதற்குப் பின்னால் ஒரு வெற்றுப் பக்கமும் கூடி மொத்தம் 274 ஆயிற்று. 272ஐத் தாண்டினால் பதினெட்டாவது ஃபாரம், 14 பக்கம் சும்மா போகும், அதுவும் 300 பிரதியில். ராத்திரி பதினொரு மணிக்கு அங்கே இங்கே சொற்களை எடுத்து அந்த இரண்டு வரியை உள்ளே இழுத்தேன். எடுத்த சொற்களில் "உளுந்தும் பாசிப்பருப்பும்" இருந்திருக்கிறது. அத்தை தூங்கிவிட்டிருந்தார், வாசித்துக் காட்டவில்லை. சமையல்காரனைப் பற்றிய நாவலில், அவன் அம்மாவின் கும்மாயத்தில் உளுந்து இல்லை.

மின்னூலில் அன்று ராத்திரியே திருத்தி ஏற்றினேன். அச்சுப் பிரதிக்கு ஒரு பிழைதிருத்தத் துண்டு அடித்தேன்: "176ஆம் பக்கத்தில் ‘பச்சரிசியை வறுத்து’ என்பதை ‘உளுந்தும் பாசிப்பருப்பும் பச்சரிசியும் வறுத்து’ என்று படிக்கவும்." அதை அத்தைக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். ஒரு ஏ4 தாளில் நான்கு துண்டு வருகிறது. வீட்டில் 80, கடைகளில் 31, மொத்தம் 111க்கு 28 தாள் எடுத்து வெட்டினேன். எண் வைத்திருக்கிற வாசகர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியாயிற்று. வீட்டுப் பிரதிகளுக்குள் மகள் செருகிவிட்டாள். கடைகளுக்கான 31 துண்டும் ஒரு கவரில் இருக்கின்றன, திங்கள்கிழமை மதுரைக்குப் போகும்போது எடுத்துப் போகிறேன்.